விரால் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்த்தல்

தை மாதம் கழிந்து ஏரிகளில் ஜலம் வற்றத் தொடங்கியதும், வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் சிறுவர் பலர் மதகடிக் குட்டைகளில் இறங்கி மீன் பிடிப்பதைக் காணலாம். கெண்டை, கெளுத்தி, ஆரால் முதலிய பலவகை மீன்கள் அகப்பட்டாலும், விரால் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய தினம் அவர்களுக்குத் திருநாளே. தூண்டிற்காரர்களுக்கும் அப்படியே. தூண்டிலிற் கோத்த தவளையை அல்லிக் கொடிகளுக்கிடையே மெல்ல இழுத்துச் செல்கையில், விரால் பாய்ந்து கவ்வும் வேகத்தைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். சென்னை மாகாணத்தில் உத்தியோகம் வகித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய நாட்டு ஏரிகளிலும் குளங்களிலும் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 1887-ஆம் வருஷத்தில் ஒரு தனி நூல் வெளியிட்டார்.

இத்தகைய மீனை உயிரோடு வீட்டிற்குக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கவேண்டுமென்னும் ஆசை சிலருக்கு உண்டாவது இயல்பே. மீனைக் கண்ணாடிக்குப் பின் வைத்துப் பார்ப்பதும் நமக்குப் புதிதன்று. 1909-ஆம் வருஷத்திலேயே சென்னைக் கடற்கரையில் பொதுஜனங்களுக்காக ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டிருந்தது. அது பின்னர் மூடப்பட்டுவிட்டது. இன்று சென்னைக் கொளத்தூர் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்பெற்றதாயிருக்கிறது. அங்கிருந்து வரும் அந்நிய நாட்டு வர்ண மீன்களை விலை கொடுத்து வாங்குவோர், நமது ஏரியின் விரால் அழகிலும் அறிவிலும் அவற்றிற்குக் குறைந்ததன்று என்பதைக் கவனிப்பதில்லை.

என் வீட்டில் ஒரு விரால் 3 வருஷங்களாக இருந்துவருகிறது. அதனை வளர்த்ததில் கற்றவற்றை முதலிலும், அம்மீனின் இயல்பைச் சரிவர அறியாத காலத்தில் ஒரு குடியானவருக்கு நான் சொல்லிய தவறான யோசனையைப் பின்னரும் இங்கே எழுதுகிறேன். தோல் பதனிடும் தொழில் மிகுந்த இப்பிரதேசத்தில் பின்னதே முக்கியமானது.

விராலின் இயல்பு

விராலின் தலை பாம்பின் தலையை ஒத்தது. உடல் உருண்டு நீண்டிருக்கும். முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். மற்ற மீன்களைப் போலச் செவுள்களால் ஜலத்திலுள்ள பிராணவாயுவை ஏற்பதோடு, தலையின் பக்கங்களில் செவுளுக்கு மேலாக அமைந்த அறைகளில் ஆகாயத்தையும் நேரே ஏற்றுச் சுவாசிக்கக் கூடியது. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கிச் செல்லும். மேலே வர வழியில்லாமல் வலையால் அழுத்தி வைத்தால், ஜலத்தினுள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். ஈரமாய் வைத்திருந்தால் கரையில் வெகுநேரம் உயிருடனிருப்பதும், ஏரி வற்றியபின் சேற்றினுள் பதுங்கி அடுத்த மழைவரை காத்திருப்பதும் இவ்வமைப்பினாலேயே. சந்தையில் இம்மீனை உயிரோடு விற்க முடிவதற்கும் இதுவே காரணம்.

பருவமழைக் காலத்தில் ஆணும் பெண்ணும் கூடிப் பாசிச் செடிகளுக்கிடையே சிறிது இடத்தைச் சுத்தம் செய்துகொண்டு முட்டையிடும். மஞ்சள் நிறமான அம்முட்டைகள் ஜலத்தின்மேல் மிதக்கும். ஒன்று அல்லது இரண்டு நாட்களில் பொரிந்துவிடும். சிவந்த நிறமுள்ள குஞ்சுகள் கூட்டமாகத் திரியும்போது, அவற்றின் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். சுமார் ஒரு மாத காலம் இக்காவல் நீடிக்கும். அக்காலத்தில் கூட்டத்தின்மேல் எறியப்படும் எந்த இரையையும் பெரிய மீன் கோபத்தோடு பாய்ந்து கவ்வும். சில தூண்டிற்காரர்கள் இதனைத் தெரிந்துகொண்டு குஞ்சுக் கூட்டத்தைத் தேடிச் சென்று பெற்ற மீனைப் பிடிக்கிறார்கள். இது கதிர் முற்றுமுன் பயிரை அறுப்பதற்கு ஒப்பானது. காவல் இழந்த குஞ்சுகளைத் தவளையும் பறவையும் மற்ற மீன்களும் சில நாட்களில் தின்றுவிடும்.

பிடித்தலும் கொண்டுவருதலும்

ஏரி மீனின்மேல் பெரும்பாலும் குத்தகைப் பாத்தியம் உண்டு. குத்தகைதாரரிடமோ, பஞ்சாயத்திடமோ, மீன்வளத் துறையிடமோ முதலில் அனுமதி பெறவேண்டும். வெடி வைத்தும் விஷமிட்டும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது.

வளர்ப்பதற்குத் தூண்டில் மீனைவிடக் கைவலையில் அகப்பட்ட இளமீனே ஏற்றது. முள் தொண்டைக்குள் இறங்கிய மீன் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தூண்டிலில்தான் பிடிக்கவேண்டுமானால் முள்ளின் எதிர்நாக்கை அரத்தால் ராவிவிடவேண்டும். ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்ட மீன் ஒன்றே போதும். அதனை உலர்ந்த கையால் பற்றலாகாது. உடலின்மேலுள்ள வழுவழுப்பே அதன் கவசம். அது நீங்கினால் அவ்விடத்தில் நோய் பற்றும். வாயகன்ற பாத்திரத்தில் மீன் மூழ்கும் அளவு ஜலம் விட்டு, மேலே காற்றுக்கு இடமிருக்கச் செய்து, ஈரத்துணியால் வாயை மூடிக் கட்டிக் கொண்டுவரலாம். கழுத்துவரை ஜலம் நிரப்பி இறுக மூடுவது தவறு.

தொட்டி

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 190 லிட்டர் ஜலம் கொள்ளும். ஜலத்தின் எடை மட்டுமே 190 கிலோ ஆதலால் அதனை மர மேஜையின்மேல் வையாமல், செங்கல் அல்லது இரும்புத் தாங்கியின்மேல் வைக்கவேண்டும். இளம் விராலுக்கு இது போதுமானது. ஆனால் விரால் 2 அடிக்கு மேலும் வளரக்கூடியது. வளர்ந்தபின் அதற்குச் சிமெண்டுத் தொட்டி வேண்டியிருக்கும். இவ்வசதி இல்லாதவர்கள் விராலை விட்டு, அதன் இனத்தைச் சேர்ந்ததும் பெரும்பாலும் ஒரு சாணைச் சிறிதே தாண்டுவதுமான குரவையை வளர்ப்பது உசிதம்.

தொட்டிக்கு மூடி இன்றியமையாதது. என் வீட்டு விரால் வந்த மூன்றாம் நாள் இரவு, மூடியாக வைத்திருந்த அட்டையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, விடியற்காலையில் சமையலறை வாயிற்படியருகே கிடந்தது. தரை ஈரமாயிருந்தபடியால் பிழைத்தது. அன்றே கம்பிவலை மூடி செய்து மேலே கல் ஏற்றினேன். ஜலத்தின் மட்டத்துக்கும் மூடிக்கும் இடையே 3 அல்லது 4 அங்குலம் காலியாக இருக்கவேண்டும். மீன் மூச்சு விடுவது அவ்விடத்திலேதான். அடியில் கழுவிய ஆற்று மணலும், ஒளிந்துகொள்ள உடைந்த பானை ஒன்றும், சிறிது வேலம்பாசியும் இருந்தால் மீன் அச்சமின்றி வாழும். தொட்டியை நேர் வெயில் படாத இடத்தில் வைக்கவேண்டும்.

ஜலம்

நகரசபைக் குழாய் ஜலத்தில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளையும் அரிக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தபின் உபயோகிக்கலாம். புதுத் தொட்டியில் மற்றொரு ஆபத்தும் உண்டு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. மணலிலும் வடிகட்டியிலும் வளரும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தழையுரம் மண்ணில் மக்கிப் பயிருக்கு உணவாவதும் இவ்வித நுண்ணுயிர்களின் வேலையாலேயே என்பதை விவசாயிகள் அறிவார்கள். இவை தொட்டியில் நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை ஆகாரத்தைக் குறைத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால்பங்கு ஜலத்தை மாற்றவேண்டும். பின்னர் வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். முழு ஜலத்தையும் ஒரே நாளில் இறைத்துவிட்டு, மணலைச் சோப்பிட்டுக் கழுவுவது பலர் செய்யும் பிழை.

ஆகாரமும் வியாதியும்

விரால் மாமிச பட்சணி. மண்புழு, சிறு இறால், வெட்டுக்கிளி, சிறு மீன் ஆகியவற்றை விரும்பி உண்ணும். பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து வெட்டுக்கிளியும் புழுவும் எடுக்கலாகாது. உயிருள்ள இரையையே தேடும் புது மீனை, நறுக்கிய மீன்துண்டை நூலிற் கட்டி அசைத்துக் காட்டிச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். இளமீனுக்குத் தினமும், வளர்ந்த மீனுக்கு வாரம் மூன்று முறையும் உணவிட்டால் போதும். மிஞ்சியதை உடனே அகற்றவேண்டும். இதனோடு சிறிய மீன் எதனையும், சிறிய விராலையுங்கூட, சேர்த்து வைத்தால் அதற்கு ஆகாரமாய்விடும்.

ஏரியிலிருந்து வந்த மீனின் உடலில் அட்டையும் ஒட்டுப்புழுவும் இருக்கக்கூடும். லிட்டருக்கு 20 கிராம் வீதம் கல்லுப்புக் கரைத்த ஜலத்தில் இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, மீன் தளர்ச்சி காட்டினால் உடனே எடுத்துவிடவேண்டும். சிவந்த புண்கள் தோன்றினால் அதிக எச்சரிக்கை அவசியம். 1988-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தோன்றிப் பல பாகங்களிலும் பரவிய புண்நோய்க்கு விராலே மிகுதியாக இரையாயிற்று. புண்ணுள்ள மீனைத் தனியே வைத்து மீன்வள உத்தியோகஸ்தரிடம் காட்டவேண்டும். அந்த ஜலத்தை வாய்க்காலில் கொட்டக்கூடாது.

நான் செய்த தவறு

இனி, முன்னர்க் குறிப்பிட்ட விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஆற்றோரக் கிராமம் ஒன்றில் நாற்றங்கால் போடும் சமயம். ஏரி ஜலம் வரத் தாமதமானதால், குடியானவர் ஒருவர் வெகுகாலம் இறைக்காமல் விட்டிருந்த தமது கிணற்று ஜலத்தைப் பாய்ச்சலாமா என்று என்னைக் கேட்டார். கிணற்றை எட்டிப் பார்த்தோம். முழங்கை நீளத்தில் இரண்டு விரால்கள் மேலே வந்து காற்று வாங்கிக்கொண்டு போயின. “மீன் வாழ்கிற தண்ணீர்தானே, ஐயா?” என்றார் அவர். நானும், மீன் இவ்வளவு செழிப்பாக இருக்கும் ஜலம் நாற்றைக் கெடுக்காது என்று சொல்லிவிட்டேன். ஜலத்தைச் சோதனைக்கு அனுப்ப ஒரு பாட்டிலும் ஒரு பஸ் பிரயாணமுமே தேவையாயிருந்தன. அதனைச் செய்யவில்லை.

பத்து நாட்களுக்குள் நாற்றின் இலைநுனி வெளுத்தது. பின்னர் கருகியது. பாத்திகளின் மேட்டில் வெள்ளை பூத்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் பக்கத்து ஊரில் நாற்று விலைக்கு வாங்கி, பருவம் தப்பி நட்டார். என்னை ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. “ஐயா சொன்னதனால்தான் பாய்ச்சினேன்” என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றுவரை என் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

பிறகு அக்கிணற்று ஜலத்தை ஒரு தொட்டியில் எடுத்துவந்து, அதில் ஒரு விராலையும் சில சிறு கெண்டைகளையும் விட்டுப் பார்த்தேன். கெண்டைகள் அன்று மாலையே மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. இரண்டாம் நாள் காலையில் ஒன்றும் உயிருடனில்லை. விரால் ஒரு வாரம் கழித்தும் முன்போலவே இருந்தது. ஜலத்தில் பிராணவாயு அற்றுப்போனாலும் அது மேலே வந்து ஆகாயத்தைச் சுவாசித்துவிடும். ஆகவே, விரால் உயிருடனிருப்பது விராலின் திறமைக்குச் சாட்சியேயன்றி ஜலத்தின் நன்மைக்குச் சாட்சியன்று. கெண்டைகள் இறந்தது பிராணவாயுக் குறைவாலா, உப்பாலா, வேறு நஞ்சாலா என்பதையும் அத்தொட்டி சொல்லவில்லை. சோதனைச் சாலையிலிருந்து வந்த அறிக்கையே உப்பு நாற்றுக்கு ஆகாத அளவில் இருந்ததைச் சொல்லிற்று.

தோல் பதனிடும் பிரதேசத்தின் ஜலம்

பச்சைத் தோல் அழுகாதிருக்க அதற்கு உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் ஊறவைத்துக் கழுவுகையில் அவ்வுப்பு ஜலத்தில் இறங்குகிறது. மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்க்கப்படுகின்றன. முற்காலத்தில் ஆவாரம்பட்டை முதலியவற்றால் பதனிட்டார்கள். பின்னர்க் குரோமிய உப்பால் பதனிடுவது பெருவழக்காயிற்று. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆந் தேதி, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பில், ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் ஜலம் செலவாவதாகவும், இத்தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டதாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. மாசு செய்தவரே அதற்குரிய செலவை ஏற்கவேண்டுமென்னும் விதியும் அத்தீர்ப்பில் உறுதி செய்யப்பட்டது. 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திலும் அக்கோர்ட்டு பாலாற்றின் மாசு குறித்துத் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் உத்தரவுகள் பிறப்பித்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஊர்களில் அமைந்துள்ளன. ஆயினும் பல்லாண்டுகளாக நிலத்தினுள் இறங்கிய உப்பு ஒரு மழையில் போய்விடாது. 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. கிணறுகளில் மட்டம் உயர்ந்தது கண்டு ஜலமும் நல்லதாகிவிட்டதென்று எண்ணினவர் உண்டு. மட்டம் வேறு, குணம் வேறு. இத்தொழிலை நம்பிப் பிழைப்போரும் நமது கிராமத்தவரே. ஆகையால் தொழிலைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. தத்தம் கிணற்றின் நிலையை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மண்ணின் ஈரச்சாற்றில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல்லின் விளைவு குறையத் தொடங்கும். நாற்றுப் பருவத்தில் அப்பயிர் மிகவும் மென்மையானது. குடிப்பதற்கான ஜலத்தில் கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பதே விரும்பத்தக்கதென்றும், வேறு வழியில்லாவிடில் 2,000 வரை கொள்ளலாமென்றும், குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாதென்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குரோமியத்தைக் கண்ணாலோ நாவாலோ கண்டுபிடிக்க இயலாது.

சோதனைக்கு ஜலம் எடுக்கும் முறை எளிது. பம்பைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அந்த ஜலத்தாலேயே மும்முறை அலம்பி, நிறைத்து மூடி, பெயர், ஊர், கிணற்றின் சர்வே நம்பர், தேதி இவற்றை எழுதி ஒட்டி, தாமதமின்றி மண் பரிசோதனைச் சாலையில் சேர்க்கவேண்டும். பாசன ஜலத்துக்கு உப்புச் சோதனையே முதலாவது. குடிக்கும் கிணறாயின் குரோமியத்துக்கும் தனியே சோதிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். கோடை முடிவில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் சோதிப்பது நலம்.

மீன் வளர்ப்போருக்கும் இதே விதி. தொழிற்சாலைக் கழிவு சேரும் குட்டையிலிருந்து விராலைப் பிடித்து வளர்க்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம். கொழுத்திருக்கிறதே என்பது சமாதானமாகாது. உலோக நஞ்சுகள் மீனின் செவுளிலும் ஈரலிலும் வெளிக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கும்.

திரும்ப ஏரியில் விடலாமா?

மீன் பெரிதாகிவிட்டதென்றும், ஊர் மாற்றமென்றும் சொல்லித் தொட்டி மீனை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவது தயையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மீனோடு அதன் நோயும் ஏரியில் இறங்கும். கடையில் வாங்கிய அந்நிய மீன்களை விடுவது அதனினும் கெடுதலானது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது தடை செய்யப்பட்டும், ஒருமுறை தப்பியவை பல நீர்நிலைகளில் நிலைத்து, நாட்டு மீன்களைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஆதலின், கடைசிவரை வைத்துக் காக்கக்கூடிய ஒரு மீனை மட்டும் வளர்க்கவேண்டும். இயலாதபோது சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும்.

முடிவாக, வீட்டில் ஒரு விராலை வளர்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய பாடமாகும். என் குமாரனும் குமாரத்தியும் அது எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வருகிறதென்று கடிகாரம் வைத்துக் குறித்திருக்கிறார்கள். ஜலம் வெப்பமாயிருக்கும் மத்தியானங்களில் அது அடிக்கடி வருவதையும் அவர்களே கண்டு சொன்னார்கள். பார்த்ததை எழுதி வைக்கும் இப்பழக்கம் விவசாயிக்கும் வேண்டியதே. பார்த்ததற்கு மேல் தானாக ஒன்றைக் கற்பித்துக்கொள்வதுதான் ஆகாது. அன்று கிணற்றடியில் நான் பார்த்தது இரண்டு விரால்களை. சொன்னதோ ஜலத்தைப் பற்றி. அன்பர்கள் அத்தவற்றை மீண்டும் செய்யாமல், வரும் பட்டத்திற்கு நாற்றங்கால் போடுமுன் தங்கள் கிணற்று ஜலத்தை ஒரு பாட்டிலில் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்களாக.